கருப்பாகத்தான் தெரியும்

நான் செய்யும் போர்டைப் பற்றி யாராவது கேட்டால், அதனால் முடியாததைத்தான் முதலில் சொல்வேன். நாலு கேமராவின் படத்தையும் ஒரே நேரத்தில் அது காட்டாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டும். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் "அப்பம் எதுக்கு அது?" என்று எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு டீ சொல்லிவிட்டு மீதியை விளக்குவேன்.

என் கடை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. கன்டெய்னர் ஏற்றிவரும் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்பக்கக் கேமரா மாட்டிக் கொடுப்பதுதான் சோறு போடும் தொழில். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். கடைக்கு வரும் டிரைவர்கள் இன்றைக்கும் உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். "ஒங்க முன்னாலதான் நிக்கேன்" என்பேன். ஒரு நாளும் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளங்கை அகலத்தில் குட்டிக் கம்ப்யூட்டர்கள் வருகின்றன. அவற்றில் கேமரா செருக ஒரே ஒரு வாய்தான் இருக்கும். நமக்கோ நாலு இடத்தைப் பார்க்கவேண்டும். நாலு கம்ப்யூட்டர் மாட்டினால் பேட்டரி தாங்காது. அதனால் நடுவில் என் போர்டு உட்காருகிறது. ஒரு பக்கம் நாலு கேமராவின் ரிப்பன் கேபிள்களும் வந்து சேரும், மறுபக்கம் ஒரே ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். யாரை உள்ளே விடுவது என்பதை நடுவிலிருக்கும் ஐசி என்ற சில்லு பார்த்துக்கொள்ளும். அதற்குக் கட்டளை சொல்வது இரண்டே இரண்டு வயர்கள். இரண்டிலும் மின்சாரம் இல்லையென்றால் ஒரு கேமரா, முதல் வயரில் மட்டும் இருந்தால் இன்னொன்று, அடுத்ததில் மட்டும் இருந்தால் மற்றொன்று, இரண்டிலும் இருந்தால் நாலாவது. எங்கள் பகுதிக்கு மாநகராட்சித் தண்ணீர் திறந்துவிடுகிறவர் செய்யும் அதே வேலைதான். ஒரு தெருவின் வால்வை மூடிவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குத் திறப்பார்.

இதில் இன்னொரு தலைவலி உண்டு. ஒரே மாதிரிக் கேமரா நாலு வாங்கினால் நாலுக்கும் கம்பெனி வைத்த பெயர் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலும் சேர்ந்து பதில் சொல்லும், எதுவும் புரியாது. எங்கள் மாதா கோயில் தெருவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், நாலு வாசலிலிருந்து "என்ன?" என்று கேட்கும். ஆகவே படம் வரும் பாதையோடு கூப்பிடும் பாதையையும் என் போர்டு சேர்த்தே மாற்றவேண்டும். அதைச் சரியாகச் செய்யத்தான் எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

லாரிக்கு இவ்வளவு தேவையில்லை. இதை நான் செய்தது என் வீட்டுக்காரருக்காக.

அவர் சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீள ஹோஸ் கடலுக்குள் இறங்கும். ஹோஸின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு அவர் அடியில் மணலைத் துழாவிச் சங்கு எடுப்பார். மேலே கம்ப்ரசருக்கு வருவது கீழே அவருடைய நெஞ்சுக்கு வரும். கம்ப்ரசரை ஓட்டுவது வள்ளத்தின் இன்ஜின்தான், நடுவில் ஒரு பெல்ட். பெல்ட் நழுவினாலும் இன்ஜின் அதுபாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். காது கொடுத்துக் கேட்டாலும் காற்று நின்றுபோனது தெரியாது.

ஒரு தடவை அப்படி நழுவியது. ஹோஸைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மிதந்து வந்த வலைத்துண்டு காத்தாடியில், அதாவது வள்ளத்தைத் தள்ளும் விசிறியில், சிக்கிவிடாமல் தள்ளப் போயிருந்தார். சுக்கான் பிடித்திருந்தவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கீழே காற்று இல்லாமல் எப்படியோ மேலே வந்து விழுந்தார். வீட்டுக்கு வந்தபோது சட்டையில் ரத்தம். கேட்டதற்கு "சளி, மூக்கு ஒடஞ்சிட்டு" என்றார். சளியாம். நான் என்ன பச்சைப் பிள்ளையா? சுக்கான் பிடிக்கிறவர் என் கொழுந்தன், வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவரைப் பிடித்து உலுக்கியதும் உண்மை வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கடலின் மேலா காட்ட முடியும்? கடையில் போய் உட்கார்ந்து சோல்டரிங் அயர்னைச் சூடு பண்ணினேன்.

நாலு கேமரா. ஒன்று கம்ப்ரசரின் காற்று மீட்டரில் ஊசியைப் பார்க்கும், ஒன்று பெல்ட்டைப் பார்க்கும், ஒன்று ஹோஸ் தண்ணீரில் இறங்கும் இடத்தைப் பார்க்கும், ஒன்று பின்பக்கம் அவர் விடும் குமிழிகள் வருகின்றனவா என்று பார்க்கும். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. படம் தானாக ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். வேண்டியதை நிறுத்திப் பார்க்க ஒரு பட்டன். மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு சாப்பாட்டு டப்பாவில் எல்லாவற்றையும் அடைத்து, உப்புக்காற்று அரிக்காமலிருக்க சோல்டர் வைத்த இடங்களிலெல்லாம் நெயில் பாலிஷ் பூசினேன். கூடவே ஒரு சட்டமும் போட்டேன். ஒரு கேமராவிடமிருந்து புதுப் படம் வரவில்லையென்றால், அதன் முறை வரும்போது திரை கருப்பாகும், பஸ்ஸர் கத்தும், ஒருவர் வந்து என்னவென்று பார்த்துப் பட்டனை அமுக்கும்வரை நிறுத்தாது.

மாட்டுவதில்தான் முதல் வம்பு வந்தது. வள்ளத்தில் பெண் ஏறக்கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் கூடாது. நான் செய்த போர்டு ஏறலாம். நான் கட்டிக் கொடுத்த சோறு ஏறலாம். அந்தச் சோற்றைத் தின்றவர் ஏறலாம். நான் மட்டும் ஏறினால் சங்கு கிடைக்காதாம். சரி, கெடுவானேன் என்று கடையிலிருந்தபடி போனில் சொன்னேன், திரேஸ்புரம் கரையில் கட்டியிருந்த வள்ளத்தில் நின்று கொழுந்தன் மாட்டினார்.

என் போர்டில் நாலு செருகும் இடத்துக்கும் எண் போட்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. படித்ததை அப்படியே சொன்னேன். "பூஜ்யத்துல கம்ப்ரசர் ஊசி. ஒண்ணுல பெல்ட்டு. ரெண்டுல ஹோஸு. மூணுல பின்பக்கம். சரியா கொழுந்தனாரே?" "சரி மைனி" என்றார். எங்கள் பக்கம் அண்ணியை மைனி என்பார்கள். மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் பெல்ட் தெரிந்தது, ஹோஸ் தெரிந்தது, பின்பக்கம் தெரிந்தது. ஊசி மட்டும் கருப்பு. பஸ்ஸர் ஓயாமல் அலறியது. வீடியோவில் காட்டச் சொன்னேன். ஊசியைப் பார்க்கவேண்டிய கேமராவின் கேபிள் அழகாகச் சுருட்டப்பட்டு, நைலான் கயிற்றால் கட்டி, ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத ஏன் சொருகல?"

"நீங்கதான பூஜ்யம்னு சொன்னிய. பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதான மைனி அர்த்தம். அத சேக்காண்டாம்னு சொல்லுதியன்னு நெனச்சி பத்திரமா சுருட்டி வச்சிட்டேன்."

"நம்பர் போட்டுருக்குல்லா?"

"போட்டுருக்கு. தொழிலுக்குப் போற வள்ளத்துல எடுத்த எடுப்புலயே பூஜ்யம்னு யாராவது ஒண்ண மாட்டுவாவளா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் ஊரில் மீனை எண்ணினாலும், உப்பை அளந்தாலும், சங்கைத் தரம் பிரித்தாலும் யாரும் ஒன்று என்றுகூடத் தொடங்குவதில்லை. முதலாவது 'லாபம்'. லாபம், ரெண்டு, மூணு, நாலு. அப்படி எண்ணிப் பழகிய வாயிடம் பூஜ்யத்தில் கம்ப்ரசரை மாட்டு என்றால் அது எப்படி மாட்டும்? என்னை யார் அங்கே ஏறவிட்டார்கள், நேரில் நின்று விரலால் காட்ட? நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு, பூஜ்யத்தில் எண்ணத் தொடங்கியவன் எவனோ அவனை மனதாரத் திட்டினேன்.

அடுத்த தடவை போர்டு அடிக்கக் கொடுத்தபோது பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தமிழில் 'லாபம்' என்று போட்டேன், அடுத்து 2, 3, 4. போர்டு அச்சடிக்கும் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் போன் பண்ணி, "மேடம், ஃபைல்ல ஏதோ ஒரு வார்த்தை தப்பா விழுந்திருக்கு" என்றார். "தப்பா விழல. அப்படியே அடிங்க" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இன்றுவரை என் போர்டுகளில் அந்த வார்த்தை இருக்கிறது. அதற்கப்புறம் ஊசி பார்க்கும் கேமராவை யாரும் வேறு இடத்தில் மாட்டியதில்லை.

அந்தப் போர்டு வள்ளத்தில் நன்றாகத்தான் ஓடியது. என்ன, கொஞ்சம் கத்தும். கேபிளில் ஈரம் இறங்கினால் கத்தும், ஒரு கேமரா முன்னால் துண்டு விழுந்து கேபிள் இழுபட்டால் கத்தும். வள்ளத்தில் அதற்கு 'மைனி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "ஏலே, மைனி கத்துதா பாரு" என்பார்களாம். என் காதுபடவே சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி ஒரு கம்பெனிப் பெட்டி வாங்கி வந்தார். நல்ல மனிதர், குளிக்கப் போகிறவர்களைப் பட்டினி போடாதவர். அவருக்கு யாரோ ஒரு கண்காட்சியில் அதைக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளை நிறம், வழவழவென்று மூடி. திரையை நாலு கட்டமாகப் பிரித்து நாலு கேமராவையும் ஒன்றாகக் காட்டும். கத்தாது. கருப்பாகாது. என் சாப்பாட்டு டப்பாவைக் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். கூடவே அந்தப் புதுப் பெட்டியையும் அனுப்பியிருந்தார்கள், ஏற்கெனவே நான் இழுத்துவைத்த கேபிள்கள் அதில் செருகும்படி முனை மாற்றித் தரவேண்டுமாம். என் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் உட்காரப்போவதற்கு நானே அலங்காரம் பண்ணிவிடவேண்டும்.

பெட்டியைத் திறக்கத்தான் செய்தேன். திறக்காமல் விடுவேனா? உள்ளே பார்த்தால், நான் போடும் அதே ஐசி. நாலு வாய் உள்ளே, ஒரு வாய் வெளியே. அப்புறம் எப்படி நாலும் ஒன்றாகத் தெரியும்? கடையில் கிடந்த வேறு நாலு கேமராவை மேஜையில் மாட்டி, கடைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன். நாலு கட்டத்திலும் கடிகாரம் வந்தது. ஆனால் விநாடி முள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. ஒரு கேமராவைப் பார்க்கும்போது மற்ற மூன்றின் பழைய படத்தை அப்படியே ஒட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், சுற்றி வரும்போது புதுப் படம் வந்துவிடும். சந்தேகத்தில் ஒரு கேமராவின் கேபிளைப் பிடுங்கினேன். அந்தக் கட்டம் மாறவேயில்லை. கடைசியாகக் கிடைத்த படத்தைப் பிடித்துக்கொண்டு, கேமரா அனுப்பாத கடிகாரத்தைக் காட்டிக்கொண்டேயிருந்தது. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடிகாரத்தின் இடத்தில் கம்ப்ரசர் ஊசியை நினைத்துப் பார்த்தேன்.

கம்பெனி ஆளுக்குப் போன் பண்ணினேன். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை, எல்லாம் தெரிந்தவர்தான். "அது வேணும்னே வச்சது மேடம். திரை கருப்பானா கஸ்டமர் பயந்துடறாங்க" என்றார்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஒன் பெட்டிய எடுத்துட்டாவன்னு ஒனக்கு வருத்தம் இருக்கும் தாயி, புரியுது" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். அவர் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். "ஏளா, நாலும் ஒண்ணா தெரியுதுல்லா. ஒன் பெட்டி ஒண்ணத்தான காட்டுது. அதுவும் சும்மா சும்மா கத்துது. அது கத்துனா என்னை மேல தூக்கிருதாவ. பாதி நாள் சங்கே எடுக்க முடியல."

"மேல தூக்கத்தான் கத்துது."

"ஒண்ணும் இல்லாததுக்கும்லா கத்துது."

"ஒண்ணும் இல்லன்னு மேல வந்தபொறவுதான ஒங்களுக்குத் தெரியுது? கீழ இருக்கும்போது தெரியுமா?"

"விடுளா. கம்பெனிக்காரன் தெரியாமலா செஞ்சிருப்பான்?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நெஞ்சு எரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் தெரிந்து செய்தான், கட்டினவள் தெரியாமல் செய்தாள். நான் எழுந்து பாத்திரங்களைக் கழுவினேன். சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை கழிந்து திங்கள் காலையில் திரேஸ்புரத்துக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முனை மாற்றாமல் நான் திருப்பி அனுப்பிய பெட்டியை அன்றைக்குத்தான் கம்பெனி ஆளே வந்து மாட்டி ஒப்படைக்கிறார் என்று கொழுந்தன் வாய்விட்டிருந்தார். கரையில் அண்ணாச்சி நின்றார். வள்ளத்தில் இவரும் கொழுந்தனும் கம்பெனி ஆளும் இருந்தார்கள். பெட்டி மாட்டியாகிவிட்டது, நாலு கட்டமும் பளிச்சென்று தெரிந்தது. நான் என் சாப்பாட்டு டப்பாவையும் வைத்திருந்த கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து வள்ளத்துக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தேன்.

"தாயி, நீ ஏறாண்டாம். என்னன்னு அவன்ட்ட சொல்லு, அவன் செய்வான்" என்றார் அண்ணாச்சி.

"போன்ல சொல்லிப் பாத்தாச்சி அண்ணாச்சி. இது பக்கத்துல நின்னு காட்ட வேண்டிய விசயம்."

"வழக்கம் இல்லம்மா."

"நேத்துவர இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறினேன். பக்கத்து வள்ளங்களில் பேச்சு நின்றது. வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு கலவரமாக இருந்ததில்லை.

இன்ஜினைப் போடச் சொன்னேன். கம்ப்ரசர் ஓடி, ஊசி ஏறி, வழக்கமான இடத்தில் நின்றது. கொழுந்தனைக் கம்ப்ரசருக்கு முதுகு காட்டித் திரையைப் பார்க்கச் சொன்னேன். இவரைக் கடலுக்குள் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கும் அதற்குள் அடைந்திருக்க, ஹோஸை வாயில் கவ்விக்கொண்டு உட்காரச் சொன்னேன். "என்னளா கூத்து இது" என்று முணுமுணுத்தாலும் உட்கார்ந்தார். அவ்வளவு பேர் பார்க்கும்போது என்னோடு சண்டை போட அவருக்கு வெட்கம்.

நான் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஊசியைப் பார்க்கும் கேமராவின் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு காற்றுத் தொட்டியின் அடியிலிருந்த திருகைத் திறந்துவிட்டேன். காற்று சீறிக்கொண்டு போனது, இன்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. ஊசி என் கண்ணெதிரே இறங்கி அடியில் போய்ப் படுத்தது.

"கொழுந்தனாரே, காத்து எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "நல்லா இருக்கு மைனி. ஊசி அங்கனயேதான் நிக்கி."

நான் இவரைப் பார்த்தேன். கன்னங்கள் உள்ளே ஒட்டியிருந்தன. வாயில் காற்று இல்லை. ஆனாலும் அவர் ஹோஸைத் துப்பவில்லை. காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்ன தம்பியைப் பார்த்தபடி, வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். கரையோரம், கால் மாற்றினால் தரை, தலைக்கு மேல் வெயில், வாயைத் திறந்தால் ஊர்ப்பட்ட காற்று. அங்கேயே அந்தத் திரையை நம்பி ஒரு கணம் மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர். அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். பிறகு ஹோஸைத் துப்பிவிட்டு, கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இருமி இருமி மூச்சு வாங்கினார்.

கொழுந்தன் திரும்பினார். என் கையிலிருந்த கேபிளைப் பார்த்தார், படுத்துக் கிடந்த ஊசியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். திரையில் ஊசி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கருப்பா வந்தா பெட்டி கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிடறாங்க மேடம். அதுக்காகத்தான்…" என்று கம்பெனி ஆள் தொடங்கினார்.

"கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு தெரியணும்யா. கீழ இருக்கது கஸ்டமர் இல்ல" என்றேன். குரல் உடைந்தது. உடையாமல் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், முடியவில்லை.

கரையில் நின்றிருந்த அண்ணாச்சி பலகை வரைக்கும் வந்தார். கொழுந்தனிடம், "அதக் கழத்துலே" என்றார். எதை என்று யாரும் கேட்கவில்லை. என் டப்பாவைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு நான் இறங்கியதும் வள்ளத்தைக் கடல்தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவச் சொன்னார், பெண் ஏறிய தீட்டுப் போக. "நல்லா கழுவுங்க அண்ணாச்சி. என் பெட்டி மேல மட்டும் தண்ணி படாம பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். வீட்டுக்குப் போகிற வழியில் உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தி அழுதேன். கோபம்தான். பயமும்தான்.

கம்பெனி ஆள் அதோடு விடவில்லை, அந்த வாரமே கடைக்கு வந்தார். என் போர்டை அவர்கள் பெட்டிக்குள் வைத்து நிறைய ஊர்களுக்கு அனுப்பலாமாம். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யவேண்டுமாம். கேமரா வேலை செய்யாவிட்டால் பழைய படமே இருக்கட்டும், மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. லாபம் என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் புரிகிற மாதிரி பூஜ்யம் போட்டுவிடலாம். "புள்ளியை யார் பார்ப்பா?" என்று கேட்டேன். "பழகிடுவாங்க மேடம்." "அதுக்குத்தான் பயப்படுதேன்" என்றேன். டீ வந்தது, குடித்தார், போனார். பிழைக்கத் தெரியாதவள் என்று சொந்தத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். என் கடையில் என் போர்டு கருப்பாகத்தான் தெரியும், கத்தத்தான் செய்யும், வேண்டுமென்றால் வாங்கு, இல்லையென்றால் நடையைக் கட்டு. இதை அட்டையில் எழுதி மாட்டவில்லை, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கொழுந்தன் கடலிலிருந்து திரும்பும் வழியில் போன் பண்ணினார். போன் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "மைனி, கருப்பு வந்துட்டு. ஊசி கேமரா. கத்திட்டு. தூக்கிட்டோம்."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "ஆளு?"

"இங்கனதான் இருக்காவ. ஒண்ணுமில்ல. கேபிள் முனை உப்புல அரிச்சிப்போச்சி, அம்புட்டுதான். காத்தெல்லாம் நல்லாத்தான் இருந்துருக்கு. ஆனா மைனி, அண்ணன் பயங்கரக் கோவத்துல இருக்காவ. கீழ நல்ல சங்குப் படுகை கெடந்துச்சாம்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். செருப்பை ஒரு பக்கம் கழற்றி எறிந்தார். எத்தனை நாள் தேடிக் கிடைத்த இடம் தெரியுமா என்று தொடங்கினார். கையில் எடுத்த சங்கைப் போட்டுவிட்டு மேலே வந்ததைச் சொன்னார். உன் டப்பா, உன் பஸ்ஸர், உன் நெயில் பாலிஷ் என்று வரிசையாக ஏசினார். ஊரிலே யாருக்கும் இல்லாத அதிசயப் பெண்டாட்டி என்றார். தட்டை வைத்தேன், சோறு போட்டேன், அவர் நிறுத்தவில்லை. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக இவ்வளவு நேரம் சும்மா இருக்கிறவள் இல்லை நான். அவருக்கே சந்தேகம் வந்து, "என்னளா, காது கேக்குதா இல்லியா?" என்றார்.

"கேக்குது. நல்லா சத்தமா ஏசுங்க" என்றேன்.

ஏசட்டும். ராத்திரி முழுக்க ஏசட்டும். ஏசுவதற்கு மூச்சு வேண்டும்.